பதினான்காம் கேள்விக்கு விட்ட இடம்

ஜனவரி 12

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே நாங்கள் மூவரும் நலம். நீ நலமா? இருமல் எப்படி இருக்கிறது?

பார்வை: உன் டிசம்பர் 28 கடிதம். வீட்டுக் கடிதத்தில் ‘பார்வை’ போடாதே என்று நீயும் பல முறை சொல்லிவிட்டாய். பத்தொன்பது வருடம் அலுவலகப் பதிவறையில் உட்கார்ந்த கை கேட்க மாட்டேன் என்கிறது.

உன் படங்களைக் கண்காட்சியாக வைக்கப்போகிறார்கள் என்பதை அத்தானிடம் வாசித்துக் காட்டினேன். “மிக்ஸி டப்பாவுக்குள்ள மடிச்சு வர்ற தாளையா மாட்டப்போறாங்க?” என்று கேட்டார். மிக்ஸிக்கும் இஸ்திரிப் பெட்டிக்கும் மடக்கு ஏணிக்கும் இத்தனை காலம் வரைந்த கை இப்போது மனிதர்களுக்கும் விளக்கத் தாள் வரைகிறது என்று விளக்கினேன். வரிசையில் நிற்பது எப்படி, மருத்துவமனையில் காத்திருப்பது எப்படி என்றெல்லாம், உன்னைப் போன்றவர்களுக்கு உதவியாக. ‘உன்னைப் போன்றவர்கள்’ என்று எழுதியதைத் தவறாக எடுத்துக்கொள்ளாதே. வேறு எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

இன்னொரு விஷயம். எங்கள் எதிர்வீட்டில் ஒரு பெண் குழந்தை, ஆறு வயது. இந்த மாதம்தான் பள்ளியில் சேர்த்தார்கள். ஆறு மாதம் பார்ப்போம், ஜூனில் கூடிப் பேசி முடிவு சொல்கிறோம் என்று நிபந்தனை போட்டுத்தான் சேர்த்துக்கொண்டிருக்கிறார்கள். குழந்தை வகுப்பில் பேசுவதில்லை. இடைவேளை முடிந்தால் உள்ளே வராமல் காதைப் பொத்திக்கொண்டு நடைபாதையிலேயே நிற்கிறதாம். உன் தம்பி வரைவதுபோல் பள்ளிக்கூடத்துக்கும் ஏதாவது தாள் உண்டா என்று அதன் அம்மா கேட்டாள்.

எனக்கு ஒன்றும் அவசரமில்லை. முடிந்தால் இந்த வாரமே அனுப்பு.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
அக்கா

இணைப்பு: ஏதுமில்லை


ஜனவரி 21

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா என்று கேட்டிருக்கிறாய். இருமல் பகலில் ஏழெட்டு முறை, மாடிப்படி ஏறினால் கூடுதலாக இரண்டு. இடது காதில் பழைய குளிர்சாதனப் பெட்டி ஓடுவதுபோல் ஓர் இரைச்சல். அது பக்கத்து வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியாகவே இருக்கலாம் என்பது மருத்துவர் கருத்து. பசி நன்று. தூக்கம் ஐந்தே முக்கால் மணி நேரம்.

இந்தக் கேள்விக்கு மற்றவர்கள் ஒரே சொல்லில் பதில் சொல்கிறார்கள் என்பது எனக்கும் தெரியும். கேட்பவர் உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்று எடுத்துக்கொள்வது நான் அவருக்குக் காட்டும் மரியாதை. நீ மூவருக்கும் சேர்த்து ஒரே ‘நலம்’ போட்டிருக்கிறாய்.

கண்காட்சியை நடத்துவது ‘அனைவரையும் அரவணைக்கும் குழு’. என் வசதிகளைப் பற்றிப் பேச அவர்கள் கூட்டிய முதல் கூட்டத்துக்கு என்னை அழைக்கவில்லை. “கூட்டம்னா உங்களுக்குக் கஷ்டமா இருக்கும்னு நாங்களே பேசி முடிச்சிட்டோம் சார்” என்றார் ஒருங்கிணைப்பாளர் அம்மா. அரங்கம் இரண்டாம் மாடியில். ஏறிப்போக ஒரு சுழல் படிக்கட்டு. திறப்பு விழாவில் கைதட்டல் வேண்டாம், திடீர்ச் சத்தம் எனக்கும் என்னைப்போல் வருபவர்களுக்கும் ஆகாது என்று எழுதிக் கொடுத்தேன். கைதட்டல் கூடாது என்ற தீர்மானத்தைப் பலத்த கைதட்டலோடு நிறைவேற்றியிருக்கிறார்கள்.

அழைப்பிதழில் என்னைக் ‘குறையை வென்ற ஓவியர்’ என்று போட்டிருந்தார்கள். எந்தக் குறை என்று சொன்னால் நானும் ஒரு முறை பார்த்துக்கொள்கிறேன் என்றேன். மாற்றிவிட்டார்கள். இப்போது ‘மாறுபட்ட மனம் கொண்ட ஓவியர்’. இருபது வருடமாகச் செய்துவரும் தொழிலை அழைப்பிதழில் எங்கும் காணோம்.

அந்தத் தொழிலில் ஒரு விதி உண்டு. மிக்ஸியின் மூடியை நூறு பேரில் முப்பது பேர் தலைகீழாகப் போட்டால், அந்த முப்பது பேரைத் திருத்த யாரும் கிளம்புவதில்லை. என் தாளைத் திருப்பி அனுப்புகிறார்கள். ஆள் தவறினால் தாளைத் திருத்து, அவ்வளவுதான். மிக்ஸிக்கு உள்ள இந்த மரியாதையைப் பள்ளிக்கூடத்திலும் அலுவலகத்திலும் கேட்பதுதான் கண்காட்சி. இதுவரை பதினேழு தாள் முடிந்திருக்கிறது. விருந்தாளி ‘கிளம்பறேன்’ என்று சொன்ன பிறகு உண்மையில் கிளம்பும் வரை நடப்பதற்கு மட்டும் இருபத்திரண்டு கட்டங்கள் ஆயின. செருப்பு மாட்டிய பிறகு எட்டுக் கட்டம்.

ஒரு சுவர் முழுக்கப் படிவங்கள் வைக்க ஆசை. பெரிய கேள்வியைக் கேட்டுவிட்டுப் பதிலுக்குச் சிறிய இடம் விடும் படிவங்கள். பூர்த்தி செய்த நகல்களாக இருந்தால் நல்லது. உன்னிடம் கிடைக்காதது உலகத்தில் இல்லை. அனுப்புவாயா?

எதிர்வீட்டுக் குழந்தை பற்றி. நான் நான்கு வருடம் முன்பு வந்தபோது உன் வீட்டுக்கு எதிரே ஒரு கிடங்கின் சுவர் இருந்தது. ஒரு மாலை முழுக்க அதை வரைந்தேன். வீடு கட்டிவிட்டார்களா? குழந்தைக்கு என்ன பிடிக்கும்? நடைபாதையில் எந்த இடத்தில் நிற்கிறாள்? பள்ளியின் அளவுகள் வேண்டும்.

தம்பி


பிப்ரவரி 3

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே அனைவரும் நலம். உன் காது இரைச்சல் நின்றதா? தூக்கம் ஐந்தே முக்கால் மணி நேரம் போதாது.

பார்வை: உன் ஜனவரி 21 கடிதம்.

எதிர்வீடு என்றால் நேர் எதிரே இல்லை. சற்றுத் தள்ளி.

குழந்தைக்குப் பொத்தான் பிடிக்கும். யாரையாவது பிடித்துப்போனால் அவர்கள் சட்டைப் பொத்தான் ஒன்றைப் பிடித்துக்கொள்வாள், விடவே மாட்டாள். பேச மாட்டாள் என்று பள்ளியில் சொல்கிறார்களே, வீட்டில் பேசுவாள். தண்ணீர்க் குழாயைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுவாள். காலுறையை உள்பக்கம் வெளியே தெரியும்படிதான் போடுவாள். தையல் விரலில் உறுத்துகிறதாம். காலையில் பள்ளிச் சீருடையைக் கண்டாலே முகம் வேறு மாதிரி ஆகிவிடும். போன வாரம் மூன்று நாள் நகத்தைக் கடித்து ரத்தம் வந்துவிட்டது. இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், அதன் அம்மா எதையும் என்னிடம் மறைக்க மாட்டாள்.

வகுப்பு நடைபாதையின் இந்தக் கோடியில், வாசலிலிருந்து முதல் அறை. இடைவேளை முடிந்ததும் அறைக்கு நான்கடி முன்னால் நின்றுவிடுகிறாள். தலைமை ஆசிரியை அதைப் பிடிவாதம் என்கிறார். “பிடிவாதத்தை இப்பவே உடைக்கலைன்னா அப்புறம் நம்மால முடியாதும்மா” என்று சொன்னார். அதன் அம்மாவிடம் சொன்னார்.

நடைபாதையின் நீளம் நாற்பத்தாறு அடி. கதவின் அகலம் மூன்றரை. அளந்தது நான்தான், அந்தப் பக்கம் ஒரு வேலையாகப் போயிருந்தேன்.

படிவங்கள் எடுத்து வைக்கிறேன். அலுவலகத்துடையது ஒன்றும் தர மாட்டேன், கேட்காதே. நம் வீட்டுப் படிவங்களின் நகல் எல்லாம் தேதி வாரியாக என்னிடம் இருக்கிறது. நூலகம், வங்கி, தண்ணீர் இணைப்பு, அத்தானின் கண்ணாடி வாங்கிய படிவம் உட்பட.

சீக்கிரம் எழுது. அதாவது, குழந்தைக்காக.

அன்புடன்,
அக்கா


பிப்ரவரி 14

அன்புள்ள அக்காவுக்கு,

இருமல் நான்காகக் குறைந்தது. இரைச்சல் பக்கத்து வீட்டுக்காரர் ஊருக்குப் போன நாள் முதல் இல்லை. மருத்துவர் சொன்னது சரி. வலது முழங்காலில் சிறு பிடிப்பு, சுழல் படிக்கட்டின் பரிசு. தூக்கம் ஆறு மணி நேரம்.

தாளின் வெள்ளோட்டப் பிரதி இதனுடன் வருகிறது. பன்னிரண்டு கட்டம். ‘பள்ளியில் ஒரு காலை’. எழுத்து கிடையாது, படமும் அம்புக்குறியும் மட்டும்.

இதை அப்படியே கொடுத்துவிடாதே. எந்தத் தாளையும் அச்சுக்கு அனுப்புமுன் அந்தப் பொருளை இதுவரை தொடாத ஒருவர் கையில் கொடுத்துப் பார்ப்போம். அவரை ‘முதல் ஆள்’ என்போம். முதல் ஆள் விரலால் கட்டங்களைத் தொடர்ந்து போவார். வரைந்தவர் பக்கத்தில் உட்கார்ந்து வாயைத் திறக்காமல் பார்க்க வேண்டும். உதவக் கூடாது, முகத்தில் எதையும் காட்டக் கூடாது. விரல் எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்பதை மட்டும் குறிக்க வேண்டும். விரல் நின்ற இடத்தில் தாள் தப்பு.

இங்கே நான் உன் கண்ணை நம்பியிருக்கிறேன். குழந்தையை ஒருநாள் உன் வீட்டுக்கு அழைத்து இதைச் செய்து பார். சற்றுத் தள்ளிதானே வீடு.

நான் பள்ளிக்குப் போனபோது இப்படி யாரும் பக்கத்தில் உட்காரவில்லை. அம்மா எல்லாப் படிவத்திலும் ‘கூச்ச சுபாவம்’ என்று எழுதினாள். நான் நான்கு பள்ளிகளில் கூச்சப்பட்டேன். அவள்மேல் குறை சொல்லவில்லை. அந்தக் காலத்தில் கிடைத்த சொற்களில் அதுதான் மரியாதையானது.

தம்பி


மார்ச் 2

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் நலம். முழங்காலுக்குச் சுடுநீர் ஒத்தடம் கொடு. குழுவிடம் சொல்லி அரங்கத்தைக் கீழே மாற்றச் சொல்.

பார்வை: உன் பிப்ரவரி 14 கடிதமும் வெள்ளோட்டப் பிரதியும்.

சனிக்கிழமை காலை செய்து பார்த்தேன். உதவாமல் இருப்பதைப் போலக் கடினமான வேலையை நான் இதுவரை பார்த்ததில்லை. கடைசியில் என் கைகளின் மேலேயே உட்கார்ந்துகொண்டேன். அத்தான் கதவுக்குப் பின்னாலிருந்து இரண்டு முறை இருமினார், வெளியே அனுப்பிவிட்டேன்.

முதல் கட்டத்திலிருந்து எட்டு வரை விரல் தடங்கலில்லாமல் போனது. செருப்பு அடுக்கும் கட்டத்தில் சிரித்தாள். ஒன்பதில் நின்றது. நடைபாதையை வரைந்திருக்கிறாயே, அதில் கதவுக்கு மேலே ஒரு மூலையில் பொட்டு மாதிரி மணி. அதன்மேல் உள்ளங்கையை வைத்து மூடிவிட்டாள். இன்னொரு கையால் காதை. பிறகு தாளைக் கவிழ்த்துப் போட்டாள். ஐந்து நிமிடம் கழித்து அவளே நிமிர்த்தி, மணியை மூடியபடியே பத்து, பதினொன்று, பன்னிரண்டு வரை போனாள்.

தம்பி, அது பிடிவாதம் இல்லை. முதல் அறையின் தலைக்கு மேலேதான் மணி இருக்கிறது. அது அடித்து ஓய்ந்தாலும் இவளுக்கு ஓய்வதில்லை போல. இரண்டு மாதமாக ஒரு பள்ளிக்கூடமே கூடிப் பேசியும் யாருக்கும் இது தெரியவில்லை. எனக்கும்தான் தெரியவில்லை.

படிவங்களைத் தனிக் கட்டாக அனுப்பியிருக்கிறேன். நாற்பது தாள். எல்லாம் நகல், திருப்பி அனுப்ப வேண்டாம். தாள் திருத்தியதும் அனுப்பு. ஜூன் 17 கூட்டம். அதற்குள் வந்தால் நல்லது. அதற்கு வெகுமுன்பே வந்தால் இன்னும் நல்லது.

அன்புடன்,
அக்கா

இணைப்பு: தனிக் கட்டில் 40


மார்ச் 30

அன்புள்ள அக்காவுக்கு,

நலம்.

படிவங்கள் வந்தன. நாற்பது என்று எழுதியிருந்தாய். வந்தவை நாற்பத்தொன்று.

மணியைத் திருத்தி வரைகிறேன்.

தம்பி


ஏப்ரல் 6

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதத்தை எத்தனை முறை படித்தேன் என்று தெரியாது. படிப்பதற்கு அதில் அதிகம் இல்லை.

‘நலம்’ என்று எழுதியிருக்கிறாய். உனக்கு என்ன உடம்பு? நீ எழுதக் கற்ற நாள் முதல் அந்தச் சொல்லைத் தனியாக எழுதி நான் பார்த்ததில்லை. அத்தானிடம் காட்டினேன். “நல்லாத்தானே இருக்கேன்னு எழுதியிருக்கான், அதுக்கு ஏன் அழற?” என்கிறார். அவருக்கு உன்னைத் தெரியாது. மருத்துவரிடம் போனாயா? முழங்காலா? காதா?

நாற்பத்தொன்று என்றால் கூடுதலாக ஒன்று எப்படியோ ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது. நூலகப் படிவமாக இருக்கும், அதில் இரண்டு நகல் இருந்தது. வேறு ஏதாவதாக இருந்தாலும் முக்கியமில்லாததுதான். படிக்க வேண்டாம். கிழித்துப் போட்டுவிடு.

இங்கே வெயில். நாங்கள் எல்லோரும்

நாங்கள் நலம்.

அக்கா


ஏப்ரல் 27

அன்புள்ள தம்பிக்கு,

மூன்று வாரமாகப் பதில் இல்லை. நீ கைப்பேசியை எடுக்க மாட்டாய் என்று தெரிந்தும் ஒன்பது முறை அழைத்தேன். இனி அழைக்க மாட்டேன்.

கோப்பைப் பிரித்துப் பார்த்துவிட்டேன். டிசம்பர் மாதத்து நகல்களில் ஒரு தாள் குறைகிறது. கோப்பிலிருந்து தேதி வாரியாக உருவி எடுத்தேன். அதுவும் வரிசையோடு வந்துவிட்டது. பத்தொன்பது வருடத்தில் ஒரு தாளைத் தவறான உறையில் போட்டதில்லை என்று அலுவலகத்தில் என்னைப் பற்றிச் சொல்வார்கள். இனி அப்படிச் சொல்லும்போது நான் எழுந்து வெளியே போய்விட வேண்டும்.

எதிர்வீட்டுக் குழந்தை என்று ஒன்று இல்லை. அது என் பாப்பா. எழுதும்போதே உனக்குத் தெரிந்திருக்கும். எனக்கும் உனக்குத் தெரியும் என்று தெரியும். அப்படியும் எழுதினேன்.

நீ படித்தது பாப்பாவின் சேர்க்கைப் படிவத்தின் இரண்டாம் பக்கம். பதினான்காம் கேள்வி: ‘குடும்பத்தில் வேறு எவருக்கேனும் இத்தகைய இயல்பு உண்டா? இருந்தால் விவரம்.’ நான் ‘இல்லை’ என்று எழுதினேன்.

அத்தான் எழுதச் சொல்லவில்லை. யாரும் சொல்லவில்லை. உண்டு என்று எழுதியவர்களின் பிள்ளைகளை வேறு பள்ளிக்கு அனுப்பிவிடுகிறார்கள் என்று வெளியே பேசிக்கொண்டார்கள். உன் மூன்றாவது பள்ளியில் தலைமையாசிரியர் அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தபோது நான் வெளியே உன் பையை வைத்துக்கொண்டு நின்றேன், நினைவிருக்கிறதா? எனக்குப் பன்னிரண்டு வயது. நீ நடைபாதையின் ஓடுகளை எண்ணிக்கொண்டிருந்தாய். “கூட்டிட்டுப் போயிடுங்கம்மா, மத்தப் பிள்ளைங்க பாக்குது” என்று அவர் சொன்னது எனக்குக் கேட்டது. உனக்குக் கேட்கவில்லை என்று இத்தனை வருடமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

அந்தப் படிவத்தை எழுதும்போது உன்னை நினைக்கவில்லை என்று சொல்ல ஆசையாக இருக்கிறது. உன்னைத்தான் நினைத்தேன். நினைத்துக்கொண்டேதான் எழுதினேன்.

படிவத்தின் அடியில், தகவல் பொய்யென்று தெரிந்தால் சேர்க்கை ரத்து என்று அச்சிட்டிருக்கிறது. கூட்டத்துக்கு இன்னும் ஏழு வாரம். அந்தத் தாளை நீ கண்காட்சியில் வைத்தால் நான் ஒன்றும் சொல்ல முடியாது. வைக்காதே என்று கேட்கவும் வாய் வரவில்லை.

அக்கா


மே 9

அன்புள்ள அக்காவுக்கு,

உடம்பைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன்.

‘பள்ளியில் ஒரு காலை’ திருத்திய பிரதி இதனுடன் இருக்கிறது. இப்போது மணிதான் முதல் கட்டம். அது எங்கே இருக்கிறது, எத்தனை முறை அடிக்கும், எந்த நேரத்தில் அடிக்கும், அதற்கு ஒரு நிமிடம் முன்பு யார் பாப்பாவிடம் வந்து விரலைக் காட்டுவார்கள் என்று நான்கு கட்டம். ஆசிரியைக்குத் தனியாக ஒரு தாள் வரைந்திருக்கிறேன், அவர்களும் முதல் ஆள்தானே. அதில் ஆறே கட்டம். கடைசிக் கட்டத்தில் ஆசிரியை எதுவும் செய்யாமல் நிற்கிறார். அதைத்தான் ஒன்பது முறை திருப்பி வரைந்தேன். ஒருவர் உதவாமல் அன்பாக நிற்பதைப் படத்தில் காட்டுவது கடினம். கைகளின் மேல் உட்கார்ந்திருக்கும் ஓர் ஆளை நினைத்துக்கொண்டு வரைந்தேன்.

எதிர்வீடு பற்றி. பாப்பாவுக்கு இரண்டு வயதில் நான் வந்திருந்தபோது, என் நீலச் சட்டையின் இரண்டாம் பொத்தானை ஒரு மதியம் முழுக்கப் பிடித்துக்கொண்டிருந்தாள். உலகத்தில் இரண்டு குழந்தைகள் அப்படிச் செய்யலாம். ஆனால் இரண்டாவது குழந்தை கிடங்குச் சுவருக்குள் குடியிருக்க வாய்ப்பில்லை.

நாற்பத்தொன்றாம் தாளைப் பற்றி.

படிவங்களைப் பிரித்துக்கொண்டிருந்தபோது ஒருங்கிணைப்பாளர் அம்மா அதைப் பார்த்துவிட்டார். எழுதியது யார் என்று கேட்டார், சொன்னேன்; கேட்டால் சொல்லிவிடுவது என் பழக்கம். அவர் கண் கலங்கி, “சார், சொந்த அக்காவே. இதுதான் சார் கண்காட்சியோட உயிர். நடுச் சுவர்ல, தனி விளக்கு போட்டு வைப்போம்” என்றார். தாளைப் பார்ப்பவர்கள் எவ்வளவு நேரம் நிற்பார்கள், என்ன எழுதுவார்கள் என்பதெல்லாம் எனக்கும் தெரிந்தது. அவர் சொன்னது உண்மை. கண்காட்சிக்கு அதைவிட நல்ல தாள் கிடைக்காது. நான்கு நாள் யோசித்தேன். அந்த நான்கு நாளும் வைப்பதாகத்தான் இருந்தேன், அதையும் சொல்லிவிட வேண்டும்.

பிறகு அளவுகோலை எடுத்து அளந்தேன். பதினான்காம் கேள்விக்கு விட்ட இடம் மூன்று சென்டிமீட்டர். உன் கையெழுத்தில் ‘இல்லை’ இரண்டே கால். ‘உண்டு, என் தம்பி, விளக்கத் தாள் வரைபவன், சத்தம் ஆகாது, பொத்தானைப் பிடித்தால் பேசாமல் இருப்பான்’ என்று எழுத இருபத்தாறு சென்டிமீட்டர் வேண்டும். கேள்வி பெரியது, இடம் சிறியது, எழுதுபவருக்குப் பயம். முப்பது பேர் மூடியைத் தலைகீழாகப் போடுவது இப்படித்தான். தாளின் பிழை என்று முடிவு செய்தேன்.

‘உண்டு’ என்பதும் மூன்று சென்டிமீட்டருக்குள் அடங்கும். அதையும் அளந்தேன்.

தாளைத் திருப்பி அனுப்புகிறேன். அது நீ எனக்கு எழுதாத கடிதம். நடுச் சுவருக்கு உரியதல்ல. அதற்குப் பதில் பதினான்காம் கேள்வியை நானே மறுபடி வரைந்து மாட்டப்போகிறேன். கேள்வி ஒரு வரி, பதிலுக்குச் சுவரின் நீளம், ஒரு பென்சில். அதே போல ஒரு சிறிய பிரதி உனக்கும் வைத்திருக்கிறேன். கூட்டத்தில் அதை என்ன செய்வது என்பதற்கு விளக்கத் தாள் வரையவில்லை. அந்த விரல் எங்கே நிற்கும் என்று எனக்குத் தெரியாது.

மூன்றாவது பள்ளியில் மொத்தம் அறுபத்து நான்கு ஓடுகள். அவர் சொன்னது எனக்குக் கேட்டது.

தம்பி


ஜூன் 18

அன்புள்ள தம்பிக்கு,

நலமா என்று கேட்க இந்த முறை கை கூசுகிறது. முதலில் எங்களைச் சொல்லிவிடுகிறேன், தனித்தனியாக. அத்தானுக்கு வாயுத் தொல்லை, பயந்தால் வரும். நேற்று முழுக்க வந்தது. எனக்கு ஜனவரியிலிருந்து நெஞ்சு படபடப்பு, படுத்தால் அதிகம். மருத்துவரிடம் போகவில்லை, போகிறேன். பாப்பாவுக்கு நகங்கள் இரண்டைத் தவிர எல்லாம் வளர்ந்துவிட்டன. இதுதான் எங்கள் மூவரின் நலம்.

நேற்றுக் கூட்டம். மேசைக்கு அந்தப் பக்கம் தலைமை ஆசிரியை, வகுப்பாசிரியை, குறிப்பெடுக்க ஒருவர். நீ வரைந்த பதினான்காம் கேள்வியை எட்டு வரி நிரப்பி எடுத்துப் போயிருந்தேன். பையிலிருந்து எடுப்பதா வேண்டாமா என்று வாசல் வரை தெரியாது. அத்தான் வழியெல்லாம் “யோசிச்சுக்கோ” என்றார். மணி வேறு தலைக்கு மேலே அடித்தது. அறுபது பிள்ளைகளுக்கு நடுவில் எனக்கே உடம்பு தூக்கிப் போட்டது. அப்போது எடுத்துவிட்டேன்.

தலைமை ஆசிரியை படித்தார். பழைய படிவத்தையும் எடுத்துப் பக்கத்தில் வைத்தார்.

“அப்ப முதல்ல எழுதினது பொய்யா?”

“ஆமாம்.”

“தெரிஞ்சே எழுதினீங்களா?”

“தெரிஞ்சேதான். பயந்துட்டேன்.”

“இப்ப பயம் போயிடுச்சா?”

“இல்லைங்க. இப்பவும் பயந்துக்கிட்டுதான் உக்காந்திருக்கேன்.”

குறிப்பெடுப்பவர் இதை எழுதுவதா என்று நிமிர்ந்து பார்த்தார். தலைமை ஆசிரியை, நான் மேசையில் வைத்திருந்த உன் பன்னிரண்டு கட்டத் தாளை, மன்னிக்க வேண்டும், பதினைந்து கட்டத் தாளை, கையில் எடுத்தார். நான் சொல்லாமலே விரலை வைத்தார். விரல் முதல் கட்டத்திலேயே நின்றுவிட்டது. வெகு நேரம் மணியையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் உதவவில்லை. கைகளின் மேல் உட்கார்ந்திருந்தேன்.

“இந்த மணிக்கு நானே பதினாறு வருஷமா தலைவலி மாத்திரை போடறேன்” என்றார். பிறகு, பிள்ளைகள் முன்னால் வாய்தவறிச் சொல்லிவிட்டவர்போல் கண்ணாடியைத் துடைத்தார்.

முடிவு இதுதான். பொய்த் தகவலுக்காக எனக்கு எழுத்து மூலம் எச்சரிக்கை, கோப்பில் இருக்கும். நகல் வாங்கிக்கொண்டேன். பாப்பா செப்டம்பர் வரை இருக்கலாம், அப்போது மறுபடி கூடுவார்கள். வகுப்பை நடைபாதையின் மறுகோடிக்கு மாற்றுகிறார்கள். மணியை மாற்ற வேறு யாரோ அனுமதி தர வேண்டுமாம், எழுதிப் போட்டிருக்கிறார்கள். பதினைந்து கட்டத் தாளை வகுப்பாசிரியை நடைபாதையில் ஒட்டிவிட்டார். இன்று பாப்பா இடைவேளைக்குப் பிறகு வாசலில் ஒரு நிமிடம் நின்று, பிறகு உள்ளே போயிருக்கிறாள். இன்று ஒரு நாள். நாளை தெரியாது. செப்டம்பர் தெரியவே தெரியாது.

கண்காட்சிக்கு நாங்கள் மூவரும் வருகிறோம், ஜூலை 6, ஞாயிறு காலை ரயில். சுழல் படிக்கட்டுக்கு அத்தான் இப்போதே மூச்சுப் பயிற்சி செய்கிறார். நீ வரச் சொல்லவில்லை. வர வேண்டாம் என்றால் எழுது.

உன் உடம்பைப் பற்றிப் ‘பிறகு எழுதுகிறேன்’ என்றாய். எனக்குப் படிக்க நேரமிருக்கிறது.

அக்கா

இணைப்பு: எச்சரிக்கைக் கடிதத்தின் நகல், உன் சுவருக்கு


ஜூன் 27

அன்புள்ள அக்காவுக்கு,

இருமல் இல்லை. முழங்கால் பிடிப்பு இரண்டு படிக்கு ஒரு முறை. தூக்கம் ஆறேகால் மணி நேரம். பசி நன்று.

மார்ச் 11 முதல் 21 வரை வயிற்றில் ஒரு வலி இருந்தது, தொப்புளுக்கு இரண்டு விரல் மேலே. படிவங்கள் வந்த மாலையில் தொடங்கியது. பதினொரு நாள். சாப்பாட்டால் அல்ல. மருத்துவர் காரணம் கேட்டபோது தெரியாது என்றேன். மூன்று சென்டிமீட்டருக்குள் நானும் ஒரு பதில் சொல்லியிருக்கிறேன் என்று வெளியே வந்த பிறகுதான் உறைத்தது. ஏப்ரலில் இரண்டு முறை வந்தது. மே மாதம் உனக்குக் கடிதம் போட்ட அன்று ஒரு முறை. உன் கடிதம் வந்த பிறகு வரவில்லை. செப்டம்பரை நினைத்தால் லேசாக வருகிறது. அது உனக்கும் இருக்கும் என்பதால் இதைத் தனி நோயாகக் கொள்ள வேண்டாம்.

திறப்பு விழா நடந்தது. கைதட்டுவதற்குப் பதில் எல்லோரும் கைகளைத் தூக்கி அசைத்தார்கள். ஒருங்கிணைப்பாளர் அம்மா உணர்ச்சிவசப்பட்டு ஒரே ஒரு முறை தட்டிவிட்டு, உடனே இரண்டு கைகளையும் இடுப்புக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். நடுச் சுவரில் பதினான்காம் கேள்விக்கு விட்ட இடம் இரண்டாம் நாளே நிரம்பிவிட்டது. பக்கத்துச் சுவரிலும் எழுதத் தொடங்கியிருக்கிறார்கள். உன் எச்சரிக்கைக் கடிதத்தை மாட்டவில்லை. உன் கோப்பில் அதற்கு இடம் இருக்கும்.

ஞாயிறு காலை நிலையத்துக்கு வருகிறேன். கூட்டம் இறங்கிப் போகும் வரை நீங்கள் பெட்டியிலேயே உட்கார்ந்திருங்கள். ரயில் அங்கே இருபது நிமிடம் நிற்கும், விசாரித்துவிட்டேன். பிறகு நான் சன்னல் பக்கம் வருவேன்.

நான் இதுவரை எந்தக் கடிதத்திலும் யாரையும் நலமா என்று கேட்டதில்லை. பதிலை முழுக்கக் கேட்க நேரம் இருந்தால்தான் கேட்க வேண்டும் என்று வைத்திருந்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு வேறு வேலை இல்லை.

அக்கா, நலமா?

நீலச் சட்டையைத் துவைத்து வைத்திருக்கிறேன். இரண்டாம் பொத்தானை மட்டும் இரட்டை நூலில் மறுபடி தைத்தேன்.

தம்பி